சப்பாத்துக்கு மணம் உண்டா?

1

நம் ஊர் வாசகசாலைக் காரியதரிசியின் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. நான் கடல் கடந்து வந்து இந்தத் தையோடு பதினெட்டு வருஷம் நிறைகிறதாம். நானே மறந்துவிட்டதை அவர் நினைவு வைத்திருக்கிறார். இலங்கைச் சீமையில் இத்தனை காலம் இருந்து கண்டது என்ன, பெற்றது என்ன என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் உரக்கப் படிப்பார்களாம். மலை, அருவி, யானை, துரைமார்களின் நாகரிகம் ஆகியவற்றைக் கொஞ்சம் விஸ்தாரமாக எழுதினால் நல்லது என்று அடியில் ஒரு குறிப்பு வேறு.

யானை நம் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. அருவியைப் போய்ப் பார்க்க எனக்கு நேரம் வாய்த்ததில்லை. நான் இங்கே கண்டது ஒரு ஜோடி சப்பாத்து. பெற்றது அதன் நாற்றம். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மூக்கைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

சப்பாத்து என்றால் பூட்ஸ். போர்த்துக்கீசியர் விட்டுவிட்டுப் போன சொல் என்கிறார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லோருக்கும் இங்கே இதே சொல்தான். முதன்முதலாகக் கம்பெனி எனக்கு ஒரு ஜோடி கொடுத்தபோது பெருமை தாங்காமல் அண்ணனுக்கு எழுதினேன்: கம்பெனியில் சப்பாத்து கொடுத்திருக்கிறார்கள், நாளை முதல் போட வேண்டும் என்று. அண்ணன் அதைச் சப்பாத்திக்கள்ளி என்று படித்துவிட்டார். வேலிக்குத்தானே, ஈரமில்லாத இடமாகப் பார்த்துப் போடு, தண்ணீர் நின்றால் அழுகி நாறிவிடும் என்று பதில் வந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சொன்னது எவ்வளவு சத்தியம் என்று முதல் மழையில் தெரிந்தது.

2

நான் இருப்பது மாத்தளை ஜில்லாவில், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். எங்கள் துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். எனக்கு உத்தியோகம் பெரிய கிளாக்கர். அப்படியானால் சின்னக் கிளாக்கர் என்று ஒருவர் இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் நான்தான்.

ஐப்பசியில் பிடிக்கிற மழை தை வரை விடாது. விடியும்போதே பெரட்டுக்களத்தில், அதாவது தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்தில், நான் நிற்க வேண்டும். பிறகு மலையேறி இறங்கி வேலை எழுதிக்கொண்டு, ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வர வேண்டும். அதற்குள் சப்பாத்தில் அரைப் படி தண்ணீரும் இரண்டு அட்டையும் இருக்கும். அட்டை என் ரத்தத்தைக் குடித்துவிட்டு உள்ளேயே நசுங்கிச் சாகும். இந்தக் கூட்டுச் சரக்கு வெயில் காணாமல் நாலு மாதம் ஊறினால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

வெறுங்காலோடு இருந்தவனுக்குச் சப்பாத்து எதற்கு என்று கேட்பீர்கள். கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. அது வெறுங்கால் வழியாக உடம்புக்குள் போகிறது என்று டாக்டர்கள் சொன்னதும், கொழும்பிலிருந்து கம்பெனி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. உத்தியோகஸ்தர்கள் சப்பாத்து அணிந்து தொழிலாளருக்கு முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்று உத்தரவு. தோட்டம் முழுக்க வெறுங்கால். சப்பாத்து வந்தது என் காலுக்கு மட்டும். அதைப் பார்த்துப் புழு மனம் திருந்திவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஆனால் ஆபீஸ் சுவரில் அதற்கு மூத்த சுற்றறிக்கை ஒன்று இருந்தது. நம்மவர்கள் துரையின் முன்னால் வரும்போது காலில் இருப்பதை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும் என்பது அது. இரண்டில் எதை அனுசரிப்பது என்று, தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்றெல்லாம் போட்டு, ஒரு விண்ணப்பம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துக் கொழும்பிலிருந்து பதில் வந்தது: இரண்டையும் அனுசரிக்கவும்.

அனுசரித்தேன். அடைபட்ட கால் நாறுவது இயற்கை. போட்டபடியே இருந்திருந்தால் அது எனக்கும் என் காலுக்கும் மட்டும் தெரிந்த குடும்ப விஷயமாகப் போயிருக்கும். தினமும் துரையின் வாசலில் கழற்று என்று சொன்னதால்தான் அது ஆபீஸ் விஷயம் ஆயிற்று.

3

அதற்கு முன்னால் அது வீட்டு விஷயமாக இருந்த கதையைச் சொல்ல வேண்டும். என் மனைவி சிவகாமி முதல் நாளே சப்பாத்தை வாசலுக்குத் தள்ளினாள். மூன்றாம் நாள் அது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த வாரமே கோழிகள் கூட்டை விட்டுக் கொய்யா மரத்தில் ஏறி அடைய ஆரம்பித்தன.

வைத்தியம் தொடங்கியது. அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைத்துப் பார்த்தாள். சாம்பல் ஈரத்தை இழுத்துக் களியாகி, மறுநாள் என் மேஸில் ஒட்டிக்கொண்டது. காலுறையை இங்கே மேஸ் என்பார்கள். அதற்கும் அதே போர்த்துக்கீசியரைத்தான் கேட்க வேண்டும். அடுத்து எலுமிச்சம்பழத்தை அறுத்து உள்ளே தேய்த்தாள். தோல் வெளுத்தது, நாற்றம் போகவில்லை. மாத்தளைக் கடைத்தெருவில் சரக்குக்கடை வைத்திருக்கும் நானாவிடம் யோசனை கேட்டேன். முஸ்லிம் பெரியவரை இங்கே நானா என்று கூப்பிடுவது வழக்கம். கறுவாப்பட்டை, கராம்பு, சாதிக்காய் மூன்றையும் இடித்து முடிச்சாகக் கட்டி உள்ளே வைக்கச் சொன்னார். வைத்தோம். நாலாம் நாள் சப்பாத்திலிருந்து ஊசிப்போன பிரியாணியின் வாசனை வந்தது. முன்பாவது நாற்றம் மட்டும்தான் இருந்தது; இப்போது அதைப் பசியோடு அனுபவிக்க வேண்டியதாயிற்று.

4

போன வருஷ மழையில்தான் நான் சொல்லவந்த சம்பவம் நடந்தது. அப்போதுதான் புதுத் துரை வந்திருந்தார். பழைய துரைக்குத் தெரிந்த தமிழெல்லாம் வசவு. இவர் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறியவர். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பேசுவார். அந்தப் புத்தகத்தில் வாசனை, நாற்றம் இரண்டுக்கும் சேர்த்து மணம் என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, காகிதக் கட்டோடு அவர் மேசை முன்னால் வெறுங்காலில் நின்றேன். வாசல் பக்கமிருந்து காற்று வீசியது. துரை தலையை நிமிர்த்தினார். கைக்குட்டையை எடுத்தார். பிறகு மிகவும் மரியாதையாக, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கிளாக்கர், உனக்கு மணம் உண்டா?"

என் மனம் குளிர்ந்துவிட்டது. வந்து ஒரு மாதம் ஆகவில்லை, நம் குடும்பத்தை விசாரிக்கிறாரே, இவரல்லவோ துரை என்று நினைத்தேன்.

"ஆயிருச்சுங்க தொரை. பதினஞ்சு வருஷமாச்சு."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "பதினைந்து வருஷம்? உன் பெண்சாதிக்கும் உண்டா?"

கேள்வி கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. பரீட்சைத் தமிழ், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"அவளுக்கும் அன்னைக்கேதாங்க தொரை."

"பிள்ளைக்கு?"

"மகளுக்கு இன்னும் இல்லைங்க. படிப்பு முடியட்டும்னு பாக்குறோம்."

துரை எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆஸ்பத்திரியில் பிழைக்காத நோயாளியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கைத்தடியை வாசலில் கிடந்த என் சப்பாத்தின் பக்கம் நீட்டினார்.

"போட்டுக்கொள். இன்று முதல் என் ஆபீசில் அதை நீ கழற்றாதே."

படி இறங்கும்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பாதி வழி வெட்கப்பட்டேன். மீதி வழி என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏனென்றால் இந்தப் பக்கத்து மலைத் தோட்டங்களில் எந்தத் துரையின் முன்னாலும் எந்தத் தமிழனும் சப்பாத்தோடு நின்றதில்லை. நான் நின்றேன். மறுநாள் காலை டக்டக்கென்று சத்தம் வர, அவர் மேசை வரை நடந்து போனேன். பார்த்த கங்காணிக்கு வாய் மூடவில்லை. லயத்துக்கு லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் எல்லாம், இதே பேச்சாயிற்று. காரணம் நாற்றம் என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

5

இதைப் படிக்கக் கேட்டு நம் ஊரார் சிரிப்பார்கள் என்று தெரியும். துரைக்குப் பயந்து சப்பாத்தைக் கழற்றினானாம் என்று. கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வாசகசாலை இருப்பது மேலத்தெருவில். அந்தத் தெருவுக்குள் நுழையும்போது என் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார், நானும்தான். எந்தச் சுவரிலும் அதற்குச் சுற்றறிக்கை ஒட்டியிருக்கவில்லை. கொழும்புக்காரர்கள் எழுதிப் போடுவதை நம்மவர்கள் எழுதாமலே நடத்துவார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு லீவில் வந்தபோது, சீமையில் இருந்து வந்தவன்தானே என்ற திமிரில் சப்பாத்தோடு மேலத்தெருவில் நடந்தேன். ஒரு பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, அதட்டாமல், சிரித்துக்கொண்டே கேட்டார். பேர் சொல்ல மாட்டேன். அவர் பேரன் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பான்.

"என்ன தம்பி, கால்ல புண்ணோ?"

"ஆமாங்க, புண்ணுதான்" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெரு முடிகிறவரை நொண்டிக்கொண்டே போனேன். அங்கே புண், இங்கே நாற்றம்.

6

இப்படி என் கௌரவம் நிலைபெற்று வருகையில் சிவகாமிக்கு மருந்து கிடைத்துவிட்டது. கொடுத்தவன் மாரிமுத்து. தேயிலைத் தொழிற்சாலையில், இங்கே ஸ்டோர் என்பார்கள், தூள் கூட்டுகிறவன். வாசலில் விறகு போட வந்தவன், கொய்யா மரத்துக் கோழிகளைப் பார்த்துக் காரணம் கேட்டிருக்கிறான். சொன்னதும் சிரித்தானாம்.

"தூளு பக்கத்துல எத வச்சாலும் அந்த வாசத்தக் குடிச்சிரும்ங்கம்மா. அதாங்க ஸ்டோருக்குள்ள வெங்காயங்கூடக் கொண்டுபோக விட மாட்டாங்க."

கூட்டிக் கொட்டுகிற குப்பைத் தூளில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். சிவகாமி என் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு பை தைத்தாள். சப்பாத்தை ஈரத் துணியால் உள்ளும் புறமும் துடைத்து, பழைய பத்திரிகையைக் கசக்கித் திணித்து, அது தண்ணீரைக் குடித்ததும் எடுத்துவிட்டுத் தூள் பையை வைப்பாள். மறுநாள் பையை அடுப்பு மேல் பரணில் காயவைத்து, மாற்றுப் பையை வைப்பாள். பத்து நாளில் தூளை மாற்றுவாள். உங்களில் யாருக்காவது தேவைப்பட்டால் இதையே செய்து பாருங்கள். முதல் வாரத்திலேயே நாற்றம் செத்துவிட்டது. கோழிகள் கூட்டுக்குத் திரும்பின.

அந்த மாதமே கம்பெனி புது ஜோடி அனுப்பியது. பழைய ஜோடியைச் சிவகாமி மாரிமுத்துவுக்கே கொடுத்துவிட்டாள். புதியதில் முதல் நாளே தூள் பையை வைத்துவிட்டதால் அதில் நாற்றம் பிறக்கவே இல்லை.

எனக்கோ, நாற்றத்தோடு உரிமையும் போய்விடும் என்ற கவலை பிடித்தது. ஒரு நாள் துரை கையெழுத்துப் போட்டுக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். "கிளாக்கர், மணம் போய்விட்டதா?" என்றார். உள்ளே இருக்கிறது தொரை, கழற்றினால்தான் தெரியும் என்று சொல்லித் தப்பினேன். அன்றைக்கே வீட்டில் வந்து, ஒரு பத்து நாளைக்குத் தூள் வைக்க வேண்டாமே என்று பக்குவமாக ஆரம்பித்தேன். சிவகாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வீட்டுல நாறக் கூடாது, ஆபீசுல நாறணுமா? ஒரு சப்பாத்துக்கு ரெண்டு சட்டமாங்க?"

கம்பெனியின் பதிலை அவளுக்கு நான் எப்போதோ படித்துக் காட்டியது தப்பாகப் போயிற்று.

வேறு வழியில்லாமல் ஒரு துண்டு கருவாட்டைக் காகிதத்தில் சுருட்டி, ஆபீஸ் போகும் வழியில் மேஸுக்குள் செருகிக்கொள்ளத் தொடங்கினேன். உரிமைக்காக மனிதர்கள் என்னென்னவோ தியாகம் செய்திருக்கிறார்கள். நான் கணுக்காலைக் கொடுத்தேன். துரை கைக்குட்டையை எடுப்பார், நான் சப்பாத்தோடு நிற்பேன். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. துரையின் நாய்தான் மோப்பம் பிடித்துவிட்டது. அது நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. ஒரு நாள் வீடு வரை பின்னாலேயே வந்து, வாசலில் என் காலைக் கவ்வி இழுத்தது.

அன்று பார்த்துத்தானா என் மகள் கமலா லீவுக்கு வந்திருக்க வேண்டும். மாத்தளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளைத் துணிச் சப்பாத்து போடுகிறாள். எங்களோடு தமிழில் பேசுவது குறைந்து, பேசுகிற தமிழும் வகுப்புக்கு எழுதிய கட்டுரை மாதிரி ஆகிவருகிறது. நாற்றம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு கூசுகிறது. இங்கிலீஷில் சொன்னால் கூசவில்லை. அடுப்படி வரை சப்பாத்தோடு வருகிறாள் என்று தாய்க்கும் அவளுக்கும் அன்று காலையிலிருந்தே வழக்கு. அந்த நிலையில் நாய் என் மேஸிலிருந்து கருவாட்டை உருவிக்கொண்டு ஓடியதை அவள் பார்த்தாள். சிவகாமியிடம் முழுக் கதையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு என் எதிரில் வந்து நின்றாள். அப்போது மட்டும் நல்ல மலைநாட்டுத் தமிழ் வந்தது.

"நாறுறேன்னு சொல்லித்தான் மரியாத வாங்கணுமாப்பா? நாறலன்னு சொல்லிப் போட்டுக்கிட்டு நிக்க முடியாதா?"

 பதில் தெரியாதபோது தகப்பன்மார் செய்வதையே நானும் செய்தேன். மொதல்ல அடுப்படியில சப்பாத்தக் கழட்டு என்று கத்தினேன். அவள் குனிந்து கழற்றி, வாசலில் என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் பஸ் ஏறுகிறவரை என்னோடு பேசவில்லை. அன்றைக்குப் பட்ட அவமானம் மேலத்தெருவில்கூட நான் பட்டதில்லை. கருவாட்டை அன்றோடு விட்டேன். ஆனால் துரையிடம் போய் நாறவில்லை என்று சொல்ல மட்டும் துணிச்சல் வரவில்லை. அவருக்கும் கைக்குட்டை பழகிவிட்டது. நாற்றம் இருக்கிறதோ இல்லையோ, என்னைக் கண்டதும் கை தானாக மூக்குக்குப் போகிறது.

7

காரியதரிசியின் கடிதம் வந்த அதே வாரம் நடந்தது இது.

முற்பகல். ஆபீஸில் என் மேசை வாசலையொட்டி, துரை உள்ளறையில். யாரோ வாசல் விறாந்தையில் ஏறுகிற சத்தம் கேட்டது. டக்டக். லயத்துக் காலில் அந்தச் சத்தம் வராது. நிமிர்ந்து பார்த்தேன். மாரிமுத்து. வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. காலில் என் பழைய சப்பாத்து, தேய்த்துப் பளபளவென்று. அவனுக்குத் தலைப்பிள்ளை பிறந்து நாலு நாள் ஆகிறது. பிறப்பைப் பதிய, பேர் கொடுக்க வந்திருக்கிறான்.

இதையெல்லாம் நான் அப்புறம்தான் யோசித்தேன். வாய் முந்திக்கொண்டது.

"டேய், எங்கடா ஏறி வர்ற? கழட்டுடா."

பதினெட்டு வருஷத்தில் நான் கற்றது இதுதான் போலிருக்கிறது. மேலத்தெருப் பெரியவராவது சிரித்துக்கொண்டு கேட்டார். எனக்கு அதுகூட வரவில்லை.

மாரிமுத்து கழற்றவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பணிவாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

"கழட்டுனா நாறும்ங்க ஐயா. போட்டுக்கிட்டே நிக்கட்டுங்களா?"

எனக்கு முகம் சூடேறியது. சிவகாமி சொல்லியிருப்பாள், அல்லது தோட்டம் முழுக்கவே முன்பே தெரிந்திருக்கும். அந்தச் சப்பாத்தில் நாற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். பொய் சொல்கிறாய் என்று நான் சொன்னால், அது யாருடைய பொய் என்ற கேள்வி வரும். உள்ளறைக் கதவும் திறந்துதான் இருந்தது.

கழற்ற வைத்தால் என் உரிமை எனக்கு மட்டுமே இருக்கும். விட்டால் நாளைக்கு லயத்திலிருந்து இன்னொருவன் டக்டக்கென்று ஏறி வருவான், அப்புறம் துரை எங்கள் எல்லோரையும் சேர்த்துக் கழற்றச் சொல்வார். இதை யோசித்தபடி நான் நின்ற நேரத்தில் உள்ளேயிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கிளாக்கர், அங்கே யார்? என்ன?"

"ஸ்டோர் மாரிமுத்துங்க தொரை. புள்ள பேரு பதிய வந்துருக்கான். கால்ல சப்பாத்து போட்டுருக்கான்."

 மாரிமுத்துவின் கட்டிய கைகள் இறுகுவதைப் பார்த்தேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அவனுக்கும் மணம் உண்டா?"

"உண்டுங்க தொரை," என்றேன். "ரொம்ப உண்டு. கழட்டாம இருக்கிறதுதான் நல்லதுங்க."

உள்ளே கைக்குட்டையை உதறுகிற சத்தம் கேட்டது. கதவு சாத்திக்கொண்டது.

படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். தகப்பன் பெயர், தாய் பெயர், பிள்ளை பெயர் எல்லாம் அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.  அவன் நின்றபடியே குனிந்து பெருவிரலை மையில் தொட்டு வைத்தான். மேசைக்கு அடியில் என் சப்பாத்து, மேசைக்கு எதிரில் அவன் சப்பாத்து. இரண்டிலும் துளி நாற்றம் கிடையாது.

காரியதரிசி இதைக் கூட்டத்தில் படிப்பாரோ மாட்டாரோ, தெரியாது. அடுத்த லீவில் மேலத்தெரு வழியாகத்தான் வருவேன். காலில் புண்ணா என்று யாரும் கேட்க வேண்டாம், புண் கிடையாது.